பிராகோவிடம் வழி கேட்டவர்கள்

தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, பென் டிரைவின் வாய்க்குள் ஒட்டியிருந்த அழுக்கைத் தோண்டிக்கொண்டிருந்தாள் பிராகோ. மக்காச்சோள மாவு, காய்ந்து கல்லாகியிருந்தது. கென்கே விற்பவர்கள் சங்கம் கொடுத்தனுப்பியது வேறெப்படி இருக்கும்? துடைத்து, வெள்ளை நூல் கட்டி, பெயர் எழுதிய சீட்டை அதில் மாட்டி, தகரத் தட்டில் மற்ற ஆறோடு கிடத்தினாள். மூத்த மகள், ஹாம்பர்க். பேரப்பிள்ளைகள். தேவாலயப் பெண்கள். ஒவ்வொன்றுக்கும் சீட்டு உண்டு. பிரசவ வார்டில் குழந்தையின் கையில் கட்டுவார்களே, அதே காரணத்துக்காகத்தான். மாறிப்போனால் வம்பு.

ஏழும் ஒரே சாவுக்கு வந்தவை. இறந்தவள் அப்ராஃபி, கொனொங்கோ பேருந்து நிலைய வாசலில் நாற்பது வருடம் மக்காச்சோள மாவை அவித்துச் செய்யும் கென்கே உருண்டை விற்றவள். மறுநாள் சனிக்கிழமை அடக்கம். அவள் வாழ்க்கைக் கதை, ஏழு தரப்பின் இரங்கலுரை, பாட்டுகள், இருபது படங்கள் எல்லாம் அடங்கிய இருபத்துநாலு பக்கப் புத்தகம் முந்நூறு, விடிகாலை ஐந்தரைக்குப் பந்தலில் இருக்க வேண்டும். உடலைப் பார்க்க வரிசையில் நிற்கிறவர்கள் கையில் அது இல்லாவிட்டால், அந்த வீட்டைப் பற்றி ஊர் மூன்று வருடம் பேசும். புத்தகத்தைத் தராத அச்சுக்காரியிடம் அதற்குப் பிறகு யாரும் போக மாட்டார்கள். பக்கத்து ஊரில் ஒருத்தி கடையை மூடியது அப்படித்தான். பத்தொன்பது வருடத்தில் பிராகோ ஒரு சாவுக்கும் பிந்தியதில்லை. மழை, மின்வெட்டு, கடைசி நேரத்தில் எங்கிருந்தோ கிளம்பி வந்த இன்னொரு மகன், எல்லாவற்றையும் சமாளித்திருக்கிறாள்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. தங்கச் சுரங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்தாள். சுரங்கம் மூடியபோது அந்த இயந்திரத்தைத் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கணவன் குமாசியில் இன்னொரு வீடு வைத்தது தெரிந்ததும் அவன் சட்டைகளை மடித்து ஒரு பையில் போட்டு அனுப்பிவிட்டு, அடுத்த நாள் கடையைத் திறந்தாள். அதைப் பற்றி அவளிடம் கேட்டால் அவ்வளவுதான் சொல்வாள். ஆனால் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள், சாப்பாட்டை மறந்துவிட்டுப் பேசுவாள். பள்ளிக்கூடம் போகும் வயதில் அப்பாவின் ரேடியோவைத் திருகாணி திருகாணியாகப் பிரித்துப் போட்டு அடி வாங்கினாள். அழுதுகொண்டே திரும்ப மாட்டினாள். ரேடியோ பாடியது.

கடையில் இரண்டு கணினிகள். முன்னறையில் இருப்பதில் அவள் பக்கம் கட்டுவாள். உள்ளறையில் இருப்பது பெரிய பிரிண்டரை ஓட்டும். இங்கிருந்து அனுப்பினால் அங்கே அச்சாகும். முன்னறை மேசையின் ஓரத்தில் பழைய படங்களைக் கணினிக்குள் ஏற்றும் ஸ்கேனர். எட்டு வருடத்துக்கு முன் ஹாம்பர்க்கிலிருந்து பழைய சாமானோடு கப்பலில் வந்தது.

போன மாதம் ஒரு துக்க வீட்டுக்காரர் கொடுத்த பென் டிரைவில் வைரஸ் வந்தது. உள்ளே போட்ட மறு நிமிடம், பாதிப் புத்தகம் திறக்காத கோப்பாகிவிட்டது. அத்தனையையும் திரும்ப அடித்து முடிப்பதற்குள் அவள் விரல் வீங்கிவிட்டது. குமாசியிலிருந்து மாதம் ஒரு முறை வரும் டொங்கோர்தான் அவளுடைய கணினிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். அவனிடம் கேட்டாள்: கணினியோடு கூடவே வந்த ஃபயர்வால் என்று ஒன்று இருக்கிறதே, காவல்காரன் என்று சொன்னாயே, அவன் என்ன செய்துகொண்டிருந்தான்?

"அவன் வாசல்லதான் நிக்கறான், ஆன்ட்டி. இது ஜன்னல் வழியா வந்தது. நீங்களே கையில பிடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க."

ஜன்னலையும் வாசலையும் சேர்த்துப் பார்க்கிற பாதுகாப்பு மென்பொருள் ஒன்றை அவன் இரண்டு கணினிகளிலும் போட்டான். அதற்குச் சொந்த ஃபயர்வால் உண்டு. அது உள்ளே வந்ததும் கணினியின் பிறவி ஃபயர்வால் தானாக அணைந்துவிட்டது. பிராகோ அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்தாள். பழையவனை ஏன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், இரண்டு பேரும் இருந்தால் காவல் இரட்டிப்பாகாதா என்று கேட்டாள். ஒரே கேட்டில் இரண்டு வாட்ச்மேன் நின்றால் ஒருத்தன் திறப்பதை மற்றவன் சாத்துவான், கடைசியில் வீட்டுக்காரி வெளியே நிற்பாள் என்றான் டொங்கோர்.

"அப்ப ரெண்டு பேருக்கும் என்னதான் வித்தியாசம்?"

"பழையவன் உள்ள வர்றவனத்தான் தடுப்பான். வெளிய போறவன ஒண்ணும் கேக்க மாட்டான். இவன் போறவனையும் கேப்பான். கேட்டுக் கேட்டு உங்க உயிர எடுப்பான், பாருங்க."

டொங்கோர் இதைக் குறையாகச் சொன்னான். பிராகோவுக்கு அது குறையாகப் படவில்லை. தன் கணினியிலிருந்து யாரோ வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. யார்? எங்கே? என்ன காரியமாக?

அன்று மாலையே தெரிய ஆரம்பித்தது. திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பும். இன்ன நிரல் வெளியே போகக் கேட்கிறது, அனுமதிக்கவா? இந்த ஒரு முறை மட்டும், எப்போதும், முடியாது என்று மூன்று விடைகள். பிராகோ ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். பெயர், போகும் இடம், காரியம், தான் சொன்ன பதில். கடிகாரம் மணி கேட்கப் போகிறது. பிரிண்டர் தன் மை எவ்வளவு குறைந்தது என்று தன்னைச் செய்தவனிடம் சொல்லப் போகிறது. யாரும் ஆடாத சீட்டாட்டம் ஒன்று எங்கோ போக வேண்டும் என்கிறது. வானிலை சொல்லும் ஒன்று, ஐஸ்லாந்துக்குப் போகிறது. கொனொங்கோவில் மழை வருமா என்று கேட்க ஐஸ்லாந்துக்கா? அதையும் எழுதிக்கொண்டாள்.

பதில் சொல்வதில் அவளுக்குத் தயக்கமே வரவில்லை. அவள் வளர்ந்த வீட்டில், வந்த விருந்தாளி எழுந்து 'வழி கொடுங்க' என்று கேட்காமல் வாசல் தாண்ட மாட்டான். வீட்டுக்காரரும் 'பாதி வழி தர்றோம்' என்பார்கள். மீதிப் பாதி வீட்டிலேயே இருக்கும். அவன் திரும்பி வர வேண்டும் என்று அர்த்தம். முழு வழியைச் செத்தவருக்குத்தான் கொடுப்பது. பிராகோ அச்சடிக்கிற ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் 'முழு வழி கொடுத்தோம், போய் வாருங்கள் என்று சொல்லவில்லை' என்ற வரி இருக்கும். அதை அவளே எழுதிச் சேர்த்திருந்தாள். அதனால் திரையில் எந்தப் பெட்டி எழும்பினாலும் 'இந்த ஒரு முறை மட்டும்' என்பதையே அழுத்தினாள். 'எப்போதும்' பக்கம் அவள் கை போகவே இல்லை.

'முடியாது' ஒரே ஒருத்தனுக்கு. அவனுக்குப் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணுமாகப் பதினொன்று சேர்ந்த ஒரு சரம். போகும் இடமும் வெறும் எண். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து நிற்பான். வைரஸின் மிச்சமாக இருக்குமோ என்று டொங்கோரிடம் போனில் கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வந்து பார்க்கிறேன் என்றான். இரண்டு வாரமாக அவன் வரவில்லை. இரண்டு வாரமாக அவள் அந்தப் பெயரில்லாதவனுக்கு முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நோட்டில் அவனுக்கு மட்டும் காரியம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அது அவளை உறுத்தியது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ஏழாவது இரங்கலுரையும் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு பிரதி அச்சடித்துப் பார்த்தாள். அச்சு நிரல் வழி கேட்டது. பாதி வழி கொடுத்தாள். உள்ளறையில் பிரிண்டர் முனகியது. பிரதி நன்றாக வந்தது. பேரன் பெயரில் ஒரு பிழை. திருத்தி, முன்னறைக் கணினி திணறுகிறதே என்று ஒரு தடவை அணைத்துப் போட்டாள். முந்நூறு என்று எண்ணைக் கொடுத்து அனுப்பினாள். இரண்டு மணி நேர வேலை. அதற்குள் துக்கத்துக்குரிய சிவப்பும் கறுப்புமாகத் துணி மாற்றிக்கொண்டு, கதவைப் பூட்டி, துக்க வீட்டாருக்குக் கை கொடுத்துத் துக்கம் விசாரிக்கப் போனாள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் போய்த் தலைகாட்டாவிட்டால் சனிக்கிழமை பந்தலில் அவளுக்கு நாற்காலி கிடையாது.

துக்க வீட்டில் நேரம் இழுத்துவிட்டது. ஐந்து மணிக்குத் திரும்பியபோது கூடவே சார்ஃபோவும் வந்தான். அப்ராஃபியின் அக்கா மகன். அந்தக் குடும்பத்துக்கு இப்போது அவன்தான் தலைவன். ஊரே அவனை ஒபானின் என்று மரியாதையாகக் கூப்பிடும். பிராகோ ஐந்தாம் வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைக் காட்டியவள், அதனால் ஆள் இல்லாத இடத்தில் சார்ஃபோதான். புத்தகங்களை எண்ணி எடுத்துப் போக அவன் இரண்டு அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தான்.

உள்ளறையில் பிரிண்டர் குளிர்ந்து கிடந்தது. தாள் ஒன்றுகூட நகரவில்லை.

சார்ஃபோ பெட்டிகளைக் கீழே வைத்தான். "எங்க புத்தகம்?"

பிராகோ முன்னறைக்கு வந்து திரையைப் பார்த்தாள். கணினியை அணைத்துப் போட்டதால் பகலில் கொடுத்த பாதி வழி தீர்ந்துபோயிருந்தது. அச்சு நிரல் மறுபடி வந்து கேட்டிருக்கிறது. அவள் அதற்குள் கதவைப் பூட்டியிருந்தாள். ஒரு நிமிடம் காத்திருந்த காவல்காரன், வீட்டுக்காரியின் மௌனத்தை நிரந்தர மறுப்பென்று எடுத்துக்கொண்டான். அதன் பிறகு அந்தப் பெட்டி எழும்பக்கூட இல்லை. அவள் மறுபடி அனுப்பிப் பார்த்தாள். தடுக்கப்பட்டது என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

டொங்கோருக்குப் போன் போட்டாள். அவனும் ஏதோ ஒரு சாவில் இருந்தான். பின்னால் முரசு அதிர்ந்தது. அவன் கத்திச் சொன்னது இதுதான்: புதியதை மொத்தமாக அணைத்துவிடுங்கள், பழைய ஃபயர்வாலை எழுப்புங்கள், அச்சடியுங்கள், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. எங்கே அழுத்த வேண்டும் என்றும் சொன்னான்.

அவள் போனை வைத்தாள். விரல் அந்த இடம் வரைக்கும் போய் நின்றது.

"அழுத்தேன்," என்றான் சார்ஃபோ.

"பேரில்லாதவன் ஒருத்தன் உள்ள இருக்கான்."

"எவன்?"

நோட்டைக் காட்டினாள். இரண்டு வாரமாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம். பழைய காவல்காரனை எழுப்பினால் போகிறவனை ஒரு வார்த்தை கேட்க மாட்டான். இந்தக் கணினியில் ஹாம்பர்க் மகளின் பாஸ்போர்ட் படம் இருக்கிறது, உன் வீட்டு நிலப் பத்திரம் இருக்கிறது, பத்தொன்பது வருடத்துச் செத்தவர்களின் குடும்பக் கதை எல்லாம் இருக்கிறது. எதை எடுத்துக்கொண்டு எங்கே போகிறான் என்று தெரியாமல் கதவைத் திறந்து விடச் சொல்கிறாயா?

சார்ஃபோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினான். அவனுக்குக் கோபம் வந்திருந்தது; ஆனாலும் படிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன். பக்கம் பக்கமாக ஒரே பதில்.

"என் மாமியார்கூட இவ்வளவு கேள்வி கேட்டதில்ல. சரி, எல்லாருக்கும் பாதி வழிதான் குடுத்திருக்கியா?"

"பின்ன? முழு வழி குடுத்து அனுப்ப அவங்க என்ன பொணமா?"

"பாதி குடுத்தா திரும்பி வருவான். திரும்ப வரத்தான் பாதி குடுக்கறது. வந்து நின்னு கேட்டிருக்கான், நீ எங்க வீட்ல உக்காந்து சோறு தின்னுட்டிருந்திருக்க. அவன் மேல என்ன தப்பு?"

பிராகோ அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். இந்த அச்சு நிரல் விருந்தாளியே இல்லை. தினம் நூறு தடவை முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடக்கிற வீட்டு ஆள். வீட்டு ஆள் அடுக்களைக்குப் போக யாராவது வழி கேட்பார்களா? இரண்டு வாரமாக அவனை வாசலில் நிற்க வைத்து மரியாதை செய்திருக்கிறாள்.

"வாய மூடிட்டு அந்த நாற்காலில உக்காரு," என்றாள். அவன் உட்கார்ந்தான்.

எங்கோ ஒரு பட்டியல் இருக்க வேண்டும். யார் யாருக்கு என்ன பதில் என்று இந்தக் காவல்காரனும் ஒரு நோட்டு வைத்திருப்பான், வைக்காதவன் காவல்காரனா? ஒவ்வொரு பக்கமாகத் திறந்தாள். மூன்று பக்கம் தப்பு. நாலாவதில் இருந்தது. அவள் நோட்டைப் போலவேதான்: பெயர், இடம், பதில். அச்சு நிரலுக்கு நேராகச் சிவப்புக் குறி. அதை எடுத்துவிட்டு, எப்போதும் என்று அழுத்தினாள். கை ஒரு கணம் கூசத்தான் செய்தது. உள்ளறைக் கணினியிலும் போய், முன்னறையிலிருந்து வருகிறவனை எப்போதும் விடு என்று சொன்னாள். அவள் இல்லாத பிற்பகலில் பெயரில்லாதவனுக்கும் விழுந்திருந்த சிவப்பைத் தொடவில்லை.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரிண்டர் முனகி எழுந்தது. முதல் தாளில் அப்ராஃபி சிரித்துக்கொண்டு வந்தாள், தலைக்குமேல் கென்கே சட்டியோடு.

"கிழவி இன்னும் உருண்டை விக்கப் போற மாதிரியே இருக்கா," என்றான் சார்ஃபோ. மூக்கைச் சிந்திக்கொண்டான். பிராகோ அவன் கையில் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து, நடுவில் மடிக்கச் சொன்னாள். அழுகிறவனுக்குக் கையில் வேலை கொடுப்பது நல்லது. அவன் கோணலாக மடித்தான். போன் போட்டு வீட்டுப் பெண்கள் நாலு பேரை வரவழைத்தான். அவர்கள் வந்து அவன் மடித்ததையெல்லாம் பிரித்துத் திரும்ப மடித்து, பின் அடித்தார்கள். இரவுச் சாப்பாட்டு வேளைக்கு முந்நூறும் பெட்டியில் இருந்தன.

சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்குப் பிராகோ பெட்டிகளைப் பந்தலில் இறக்கி, எண்ணிக் கொடுத்து, சார்ஃபோவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். ஆட்களுக்கு நடுவே இருந்ததால் ஒபானின் என்றே கூப்பிட்டாள். தேவாலயத்தில் ஒன்பது மணிக்குத்தான் பாட்டு. நேரம் இருந்தது. கறுப்புத் துணியோடு நேரே கடைக்கு வந்து விளக்கைப் போட்டாள்.

பட்டியலில் பெயரில்லாதவனின் சிவப்பை எடுத்துவிட்டு, அவன் வந்து கேட்கக் காத்திருந்தாள். ஆறு மணிக்குக் கேட்டான். முடியாது என்றாள். பிறகு முன்னறைக் கணினியோடு இணைந்திருந்த ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கால் மணிக்குக் கழற்றிப் பார்ப்பது என்று தீர்மானித்தாள். எது ஒவ்வாமல் போனது என்று அறிய, சாப்பாட்டில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதில்லையா? கழற்ற மூன்றுதான் இருந்தன. முதலில் ரசீது அடிக்கும் சின்ன பிரிண்டர். ஆறேகாலுக்கு வந்து கேட்டான். அடுத்து கேமரா கம்பி. ஆறரைக்கும் கேட்டான். ஸ்கேனரைக் கழற்றினாள். கடை வாசலைப் பெருக்கினாள். ஆறேமுக்கால் ஆயிற்று, ஏழு ஆயிற்று. திரையின் மூலையில் ஒன்றும் எழும்பவில்லை.

ஸ்கேனரைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த தாளில் செய்த நிறுவனத்தின் பெயர் பாதி அழிந்திருந்தது. இணையத்தில் தேடிப் பார்த்தாள். அந்த நிறுவனம் மூடி ஒன்பது வருடம். ஸ்கேனரோடு கணினிக்குள் வந்த நிரல், தனக்குப் புதிய சேதி உண்டா என்று தன்னைச் செய்தவர்களைத் தேடி, அங்கே ஆளில்லாத வாசலுக்கு, கால் மணிக்கு ஒரு தடவை எட்டு வருடமாகப் போய் வந்திருக்கிறது. எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. பழைய காவல்காரன் ஒரு தரமாவது எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமைக்கு இன்னொரு வீட்டின் பழைய படங்கள் காத்திருந்ததால் ஸ்கேனரைத் திரும்ப மாட்டினாள். காவல்காரனின் பட்டியலைத் திறந்து, அவனுக்கு நேராக இனி எப்போதும் முடியாது என்று குறித்தாள். நோட்டைத் திறந்து, இரண்டு வாரமாகக் காலியாக இருந்த கட்டத்தில் எழுதினாள்: 'சேதி கேட்கப் போகிறான். அங்கே யாரும் இல்லை.' தட்டிலிருந்த ஏழு பென் டிரைவ்களையும் உரியவர்களிடம் கொடுக்கக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கடையைப் பூட்டி, அடக்கத்துக்குப் போனாள்.